வீட்டுக்குள் விஞ்ஞானம்: ரத்தத்தில் ஏற்றும் பச்சைச் சாயம்



பஞ்சு மிட்டாய் சமாச்சாரம் உங்களுக்கு மறந்திருக்காது. ரோடமின்-பி என்ற துணிச்சாயம் அதில் கலந்திருப்பது பரிசோதனையில் தெரிந்து, 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் அதன் விற்பனைக்குத் தடை போட்டார்கள். அதைப் பற்றி இந்தப் பகுதியில் எழுதியபோது, ‘துணிக்குப் போடும் சாயம் துணியோடு நிற்கட்டும், குழந்தையின் வயிற்றுக்கு வேண்டாம்’ என்று சற்றுக் கண்டிப்பாகவே எழுதியிருந்தேன். அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு ஒரு வாசகி கடிதம் போட்டிருக்கிறார்.

“அக்கா, சாயமே உடம்புக்குள்ள போகக்கூடாதுன்னு நீங்க எழுதினீங்க. ஆனா போன மாசம் என் நாத்தனாருக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன் ஆச்சு. அதுக்கு முன்னாடி கையில ஊசி குத்தி ஒரு பச்சைச் சாயத்தை ரத்தத்துலயே ஏத்தினாங்களாம். ஏதோ காமிராவுல பார்க்கறதுக்காம். அவளுக்குக் கைக்குழந்தை வேற. எங்க மாமியார் அன்னியிலேர்ந்து ஒரே புலம்பல். இது எந்த ஊர் நியாயம்?”

நியாயமான கேள்விதான். மாமியாரின் புலம்பலையும் நான் குறைவாக மதிப்பிட மாட்டேன். ஆனால் பஞ்சு மிட்டாய்க்காரர் கரண்டியில் அள்ளிப் போடுகிற சாயமும், ஆஸ்பத்திரியில் மில்லிகிராம் கணக்கில் அளந்து ஊசியில் ஏற்றுகிற சாயமும் ஒன்றல்ல. இரண்டாவது சாயத்தின் பெயர் இண்டோசயனைன் க்ரீன். டாக்டர்கள் சுருக்கமாக ஐ.சி.ஜி. என்பார்கள். அது எப்படி வேலை செய்கிறது, அதைப் போன்ற சாயங்களை எப்படி யோசித்து யோசித்து உண்டாக்குகிறார்கள் என்பதைச் சொன்னால் மாமியாருக்கும் பதில் கிடைத்துவிடும்.

முதலில் உங்கள் கொடியில் காயும் வெள்ளை வேஷ்டியைப் பாருங்கள். அந்தக் காலத்தில் நீலம் போட்டு அலசுவோம். துணியின் மஞ்சளை அந்த நீல நிறம் மறைக்கும், அவ்வளவுதான். இப்போது வருகிற சோப்புத்தூள்களில் பலவற்றில் வேறொரு பொருள் சேர்க்கிறார்கள். அது வெயிலில் உள்ள, நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை விழுங்கிவிட்டு, அதையே நீல வெளிச்சமாக உமிழும். துணி ‘பளிச்’சென்று தெரிவது அதனால்தான். இப்படி ஒரு வெளிச்சத்தை வாங்கி இன்னொரு வெளிச்சமாகத் திருப்பித் தருகிற பொருளுக்குத்தான் ஒளிரும் சாயம் என்று பெயர். வாங்கியதை அப்படியே திருப்பாது. தரகர் கமிஷன் எடுத்துக்கொள்கிற மாதிரி கொஞ்சம் சக்தியைப் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் தரும். அதனால் வெளியே வருகிற வெளிச்சம், உள்ளே போனதைவிடக் கொஞ்சம் சிவப்புப் பக்கமாகத் தள்ளியே இருக்கும்.

சரி, உடம்புக்குள் ஒரு சாயத்தை அனுப்பி அது ஒளிர்வதை வெளியிலிருந்து பார்க்க வேண்டுமானால் எந்த வெளிச்சம் தோதாக இருக்கும்? இதற்கு ஆராய்ச்சிசாலைக்குப் போக வேண்டியதில்லை. இன்றைக்கு ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சை ஏற்றி, அதன் மேல் விரல்களைச் சேர்த்து மூடிப் பாருங்கள். குழந்தைகளையும் கூப்பிட்டுக் காட்டுங்கள். விரல் ஓரமெல்லாம் செக்கச் செவேலென்று தெரியும். டார்ச்சிலிருந்து வருவது வெள்ளை வெளிச்சம், அதில் எல்லா நிறமும் உண்டு. நீலத்தையும் பச்சையையும் ரத்தம் விழுங்கிவிடுகிறது. சிவப்பு மட்டும் தப்பித்து வருகிறது.

சிவப்போடு வெளிச்சம் முடிந்துவிடுகிறதா என்றால் அதுதான் இல்லை! அதற்கு அப்பாலும் கதிர்கள் உண்டு. அகச்சிவப்பு என்று புத்தகங்களில் எழுதுவார்கள். நம் கண்ணுக்கு அவை தெரியாது. ஆனால் காமிராவுக்குத் தெரியும். டி.வி. ரிமோட்டின் நுனியைப் பார்த்துக்கொண்டே ஒரு பொத்தானை அழுத்துங்கள், ஒன்றும் தெரியாது. அதையே செல்போன் காமிரா வழியாகப் பாருங்கள். பெரும்பாலான போன்களில், வெளிறிய ஊதாவாக மினுக் மினுக்கென்று அடிக்கும். (பின்பக்கத்துக் காமிராவில் தெரியாவிட்டால், முகம் பார்க்கிற காமிராவில் முயன்று பாருங்கள்.)

வெளிச்சத்தை அளக்க நானோமீட்டர் என்ற கணக்கு உண்டு. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு. ஊதா ஏறக்குறைய 400, சிவப்பின் கடைசி ஏறக்குறைய 700. 650-க்குக் கீழே போனால் ரத்தம் விழுங்கும். 950-ஐத் தாண்டினால் உடம்பிலுள்ள தண்ணீர் விழுங்க ஆரம்பிக்கும். நடுவில் ரத்தமும் தண்ணீரும் கைவைக்காமல் விட்ட ஒரு சன்னல் இருக்கிறது. அந்தச் சன்னல் வழியாகத்தான் எட்டிப் பார்க்க வேண்டும். இதில் இன்னொரு சௌகரியமும் உண்டு. நீல வெளிச்சம் பட்டால் நம் சதையும் கொழுப்பும் தாமாகவே கொஞ்சம் பச்சையாக ஒளிரும். அதன் நடுவே சாயத்தைத் தேடுவது பட்டப்பகலில் அகல் விளக்கைத் தேடுகிற மாதிரி. அகச்சிவப்பில் உடம்பு அநேகமாக இருட்டு. அமாவாசை இரவில் அகல் விளக்கு எவ்வளவு தூரத்துக்குத் தெரியும், யோசித்துப் பாருங்கள்.

ஆக, 800-க்குப் பக்கத்தில் ஒளிரும் சாயம் வேண்டும். அது எங்கிருந்து வந்தது என்பது ஒரு வேடிக்கையான கதை.

1856-ல் கிரெவில் வில்லியம்ஸ் என்ற பிரிட்டிஷ் ரசாயன நிபுணர் அழகான நீலச் சாயம் ஒன்றைக் கண்டுபிடித்தார். அதுதான் சயனைன் குடும்பத்தின் மூத்த பிள்ளை. பார்க்க அழகு, ஆனால் வெயில் பட்டால் வெளுத்துவிடும். அப்படிப்பட்ட சாயத்தை எந்தப் பெண்மணி புடவையில் வாங்குவாள்? துணி வியாபாரத்தில் அது எடுபடவில்லை. அதற்கு வாழ்வு கொடுத்தது போட்டோ. அந்தக் காலத்து போட்டோத் தகடுகளுக்கு நீலம்தான் தெரியும், சிவப்பு தெரியாது. பாட்டி காலத்துப் படங்களில் குங்குமப் பொட்டு கறுப்பாக விழுந்திருப்பதற்குக் காரணம் அதுதான். 1873-ல் ஜெர்மனியில் ஹெர்மன் வோகல், தகட்டில் தகுந்த சாயத்தைக் கலந்தால் மற்ற நிறங்களும் அதற்குத் தெரியும் என்று கண்டுபிடித்தார். அதிலிருந்து சயனைன் சாயங்களுக்கு யோகம் அடித்தது. பச்சை, சிவப்பு, பிறகு சிவப்புக்கும் அப்பால் என்று தகடுகளுக்குக் கண் கொடுத்துக்கொண்டே போனார்கள்.

1950-களில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் டாக்டர்களுக்கு ஒரு தேவை வந்தது. ரத்தத்தில் ஒரு சாயத்தை விட்டு, அது எவ்வளவு வேகமாகக் கலைந்து போகிறது என்று பார்த்தால், இதயம் நிமிஷத்துக்கு எவ்வளவு ரத்தம் இறைக்கிறது என்று கணக்கிடலாம். ஆனால் பிராணவாயு நிறைந்த ரத்தம் ஒரு நிறம், குறைந்த ரத்தம் வேறு நிறம். அளக்கிற கருவி குழம்பிப் போகும். இரண்டு ரத்தமும் ஒரே அளவு வெளிச்சத்தை விழுங்குகிற இடம் ஒன்று உண்டு. அது ஏறக்குறைய 800 நானோமீட்டர். அங்கே வேலை செய்யும் சாயத்துக்கு யாரிடம் போவது? போட்டோ பிலிம் செய்யும் கோடாக் கம்பெனியிடம்! அவர்கள் ஆராய்ச்சிசாலையில் பிறந்ததுதான் ஐ.சி.ஜி. மேயோவில் டாக்டர் இர்வின் ஃபாக்ஸ் அதைச் சோதித்துப் பார்த்தார். 1959-ல் அமெரிக்க மருந்து நிர்வாகம் அனுமதி தந்தது. புடவைக்கு ஆகாது என்று தள்ளிய குடும்பத்தில் பிறந்த சாயம், அறுபது வருஷத்துக்கும் மேலாக மனிதர்களின் ரத்தத்தில் போய் வந்துகொண்டிருக்கிறது.

இப்போது நாத்தனார் விஷயத்துக்கு வருகிறேன். ஐ.சி.ஜி. ரத்தத்துக்குள் போனதும் அங்குள்ள புரதங்களோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் ரத்தக் குழாயை விட்டு இங்குமங்கும் கசிந்து போகாது. கல்லீரல் அதைப் பிடித்துப் பித்தத்தில் தள்ளிவிடும். ஆரோக்கியமான ஈரலாக இருந்தால் 3, 4 நிமிஷத்துக்கு ஒரு முறை ரத்தத்தில் உள்ளது பாதியாகக் குறைந்துகொண்டே வரும். பித்தத்தோடு குடலுக்கு வந்து மலத்தோடு வெளியே போய்விடும். இந்த வழியையே டாக்டர்கள் தங்களுக்குச் சாதகமாக்கிக்கொண்டார்கள். ஆபரேஷனுக்கு அரைமணியோ அதற்கும் மேலோ முன்னதாகச் சாயத்தை ஏற்றிவிட்டால், பித்தம் போகும் குழாய்கள் அகச்சிவப்புக் காமிராவில் விளக்குப் போட்ட மாதிரி தெரியும்.

இதில் என்ன பெரிய லாபம் என்கிறீர்களா? பித்தப்பையை எடுக்கும்போது அதன் காம்பை மட்டும்தான் வெட்ட வேண்டும். பக்கத்திலேயே ஈரலிலிருந்து குடலுக்குப் போகிற பிரதானக் குழாய் ஓடுகிறது. கல் வந்து வீங்கி, கொழுப்பு மூடி, எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும்போது, எது காம்பு எது குழாய் என்று தெரியாமல் போவதுண்டு. பிரதானக் குழாயை வெட்டிவிட்டால் அது வருஷக் கணக்கான வேதனை. ஆயிரத்தில் சில பேருக்குத்தான் அப்படி நேர்கிறது. அந்தச் சில பேரில் ஒருவராக நம் வீட்டுப் பெண் இருக்கக்கூடாது அல்லவா? பித்தப்பைக் கல் ஆண்களைவிடப் பெண்களுக்குத்தான் அதிகம், அதுவும் பிள்ளை பெற்ற பெண்களுக்கு.

இவ்வளவு நல்ல சாயம் இருக்கும்போது புதிதாக எதற்கு இன்னும் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள் என்று கேட்பீர்கள். ஐ.சி.ஜி.க்குக் குறைகளும் உண்டு. அவற்றைச் சொன்னால்தான் சாயம் சமைக்கிற கஷ்டம் புரியும்.

சயனைன் சாயத்தின் உருவத்தை மனசில் வரைந்து பாருங்கள். வாசலில் கட்டுகிற தோரணம் மாதிரி. இரண்டு முனையிலும் நைட்ரஜன் அணு உள்ள வளையங்கள், நடுவில் கார்பன் அணுக்களைக் கோத்த சங்கிலி. சங்கிலியின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் எலக்ட்ரான்கள் ஓடுகின்றன. வீணையில் தந்தி நீளமாக இருந்தால் ஸ்வரம் கீழே இறங்கும் அல்லவா, அப்படித்தான் இதிலும். சங்கிலியில் இரண்டு கார்பனைக் கூட்டினால், சாயம் விழுங்குகிற வெளிச்சம் ஏறக்குறைய 100 நானோமீட்டர் சிவப்புப் பக்கம் நகரும். மூன்று கார்பன் என்றால் 550, ஐந்து என்றால் 650, ஏழு என்றால் 750. ஐ.சி.ஜி.க்கு ஏழு. அதோடு முனை வளையங்களும் பெரியவை. அதனால் ரத்தத்தில் 800-ஐத் தொடுகிறது.

“அப்போ ஒன்பது, பதினொன்றுன்னு கோத்துண்டே போக வேண்டியதுதானே?” என்று பக்கத்து வீட்டு மாமி கேட்டார். போகலாம். ஆனால் கொடி நீள நீளத் துவளும். சாயம் வாங்கின சக்தியை ஆடியும் நெளிந்தும் வீணாக்கிவிடும், வெளிச்சமாகத் தராது. ஐ.சி.ஜி.யிலேயே நூறு துளி வெளிச்சம் விழுங்கினால் திரும்பி வருவது ஒரு சில துளிகள்தான். அதோடு நீளமான சங்கிலியை ஆக்ஸிஜன் சுலபமாகக் கடித்து அறுத்துவிடும், சாயம் வெளுத்துவிடும். ஐ.சி.ஜி. தூளைத் தண்ணீரில் கரைத்தால் 6 மணி நேரத்துக்குள் உபயோகித்துவிட வேண்டும் என்று மருந்துச் சீட்டில் போடுகிறார்கள்.

துவளும் கொடிக்கு நாம் என்ன செய்வோம்? ஒரு குச்சி நட்டுக் கட்டுவோம். ரசாயனக்காரர்களும் அதைத்தான் செய்தார்கள். சங்கிலியின் நடுப்பகுதியை ஒரு சின்ன வளையத்துக்குள் சேர்த்துக் கட்டினார்கள். சங்கிலி விறைப்பாயிற்று, சாயம் பிரகாசமாயிற்று, அறுந்து போவதும் குறைந்தது.

அடுத்த தொல்லை ஒட்டிக்கொள்வது. இந்தச் சாயங்கள் தட்டையானவை, எண்ணெய்ப் பசை உள்ளவை. தண்ணீரில் போட்டால் ஈர அப்பளங்களை அடுக்கி வைத்த மாதிரி ஒன்றின் மேல் ஒன்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய சாயம் ஒளிராது. இதற்கு மருந்து, சாயத்தின் ஓரங்களில் தண்ணீரை விரும்புகிற சல்ஃபோனேட் துண்டுகளைத் தைத்துவிடுவது. ஏறக்குறைய சோப்பு செய்கிற தந்திரம். ஐ.சி.ஜி.யில் அப்படி இரண்டு துண்டு உண்டு.

ரோடமின் குடும்பத்திலும் இப்படி ஒரு கைவேலை நடந்திருக்கிறது. பஞ்சு மிட்டாய் ரோடமினின் உறவுதான். அந்தச் சாயத்தின் நடுவில் இருக்கும் ஒரே ஒரு ஆக்ஸிஜன் அணுவை எடுத்துவிட்டு சிலிக்கானை வைத்தார்கள், நிறம் ஏறக்குறைய 100 நானோமீட்டர் சிவப்புப் பக்கம் போய்விட்டது. உயிருள்ள செல்லின் உள்ளே நடப்பதை மைக்ராஸ்கோப்பில் பார்க்க இது ஆராய்ச்சிசாலைகளில் உபயோகமாகிறது. நோயாளிக்குக் கொடுப்பதில்லை, தின்பண்டத்துக்கும் இதற்கும் சம்பந்தமும் இல்லை.

பளபளப்பை விடுங்கள். இந்த விஷயத்தைப் படிக்கப் படிக்க என்னை அதிகம் யோசிக்க வைத்தது, சாயம் எந்த வாசல் வழியாக வெளியேறுகிறது என்பதுதான். ஒளிர்வது பாதி வேலை. காட்ட வேண்டிய இடத்தில் நின்று, காட்டக்கூடாத இடத்தை விட்டு விலகி, பிறகு மரியாதையாக வெளியே போவது மீதி வேலை. ஓரத்தில் தைக்கிற சின்னத் துண்டுகள்தான் அதைத் தீர்மானிக்கின்றன.

கர்ப்பப்பை எடுக்கும் ஆபரேஷனை எடுத்துக்கொள்ளுங்கள். நம் சுற்றத்தில் எத்தனை பேருக்கு நடந்திருக்கிறது! கர்ப்பப்பைக்கு ரத்தம் கொண்டுவரும் குழாயைக் கட்டி வெட்ட வேண்டும். அதற்கு அடியிலேயே, சிறுநீரகத்திலிருந்து மூத்திரப்பைக்கு வரும் நீர்க்குழாய் போகிறது. பாலமும் அதன் அடியில் தண்ணீரும் என்று டாக்டர்கள் இதை மனப்பாடம் செய்வார்கள். பாலத்தை வெட்டப் போய்த் தண்ணீர்க் குழாயில் கத்தி பட்டால் பெரிய சங்கடம். ரத்தத்தில் ஏற்றிய ஐ.சி.ஜி. இங்கே உதவாது. அது பித்தத்தில் போகிற சாயம், சிறுநீரில் வராது. நீர்க்குழாய் இருட்டாகவே இருக்கும்.

அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் ஒரு யுக்தி செய்தார்கள். சாயத்தின் ஓரத்தில் எதிர் மின்னேற்றமுள்ள சல்ஃபோனேட்டுகளோடு, நேர் மின்னேற்றமுள்ள துண்டுகளையும் தைத்து, கூட்டிக் கழித்தால் பூஜ்யம் வரும்படி செய்தார்கள். அப்படிச் செய்த சாயம் ரத்தப் புரதத்தோடும் ஒட்டவில்லை, சதையோடும் ஒட்டவில்லை. ஈரல் பக்கம் திரும்பிப் பார்க்காமல் சிறுநீரகம் வழியாகப் போய்விட்டது. இசட்.டபிள்யூ. 800-1 என்று பெயர். 2013-ல் அந்தச் செய்தி வெளியாயிற்று. 2019-ல் நெதர்லாந்தின் லைடன் நகரத்து டாக்டர்கள், வயிற்று ஆபரேஷன் நடக்கும்போதே நோயாளிகளின் நீர்க்குழாய்களை அந்தச் சாயத்தால் கண்டதைப் பிரசுரித்தார்கள். ஐ.சி.ஜி. மாதிரி ஊரெங்கும் பழக்கத்துக்கு வந்துவிட்ட சாயம் அல்ல அது. ஆனாலும் யோசனையைப் பாருங்கள். ஒளிரும் நடுப்பகுதி அதே குடும்பம்தான். ஓரத்துத் தையலை மாற்றினார்கள், போகிற வாசல் மாறிவிட்டது.

இதற்கும் மேலே ஒரு படி உண்டு. சாயத்தைத் தேடிப் போக வைப்பது. இதில் நமக்கெல்லாம் தெரிந்த ஒரு பொருள் வருகிறது, மசக்கைக் காலத்தில் டாக்டர் எழுதித் தருகிற ஃபோலிக் அமில மாத்திரை. இந்த வைட்டமினைப் பிடித்துக்கொள்ள செல்களின் மேல் ‘கைகள்’ இருக்கின்றன. சினைப்பைப் புற்றுநோய் செல்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்தக் கைகள் மிக அதிகம். வேகமாகப் பெருகுவதற்கு வைட்டமின் தேவைப்படுகிறது போலிருக்கிறது. அந்த வைட்டமினின் முதுகில் சாயத்தைக் கட்டி அனுப்பினால்?

2011-ல் நெதர்லாந்தின் க்ரோனிங்கன் நகரத்தில் முதன்முதலாக இப்படிச் செய்து பார்த்தார்கள். அமெரிக்காவில் பர்டூ பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பிலிப் லோ இந்த ஃபோலேட் யோசனையில் முன்னோடி. அப்போது கட்டியது கண்ணுக்குத் தெரிகிற பச்சையில் ஒளிரும் சாயம். கட்டிகள் ஒளிர்ந்தன. ஆனால் நான் முன்பே சொன்ன தொல்லை, சுற்றியுள்ள சதையும் பச்சையாக ஒளிர்ந்தது, கொஞ்சம் உள்ளே மறைந்திருந்தால் தெரியவில்லை. அதனால் பச்சையை எடுத்துவிட்டு, சயனைன் குடும்பத்து அகச்சிவப்புச் சாயத்தைக் கட்டினார்கள். அதுதான் பாஃபோலாசயனைன். 2021 நவம்பரில் அமெரிக்க மருந்து நிர்வாகம் சினைப்பைப் புற்றுநோய் ஆபரேஷனுக்கு அதை அனுமதித்தது.

சினைப்பைப் புற்றுநோயின் கொடுமை, அது வயிற்றுக்குள் கடுகு இறைத்த மாதிரி சிதறியிருக்கும். டாக்டர் கண்ணால் பார்த்து, விரலால் தடவித்தான் எடுக்க வேண்டும். அனுமதிக்கு ஆதாரமான பரிசோதனையில் 134 பெண்களைக் கணக்கில் எடுத்தார்கள். அவர்களில் 26.9 சதவீதம் பேருக்கு, கண்ணுக்கும் கைக்கும் படாத புற்றுக்கட்டி குறைந்தது ஒன்றாவது இந்தச் சாயத்தால் அகப்பட்டது. நாலு பெண்களில் ஒருத்திக்கு மேல்! சாயம் இல்லாவிட்டால் அது உள்ளேயே தங்கியிருக்கும்.

ஆனால் ஒளிர்வதெல்லாம் புற்றல்ல. அழற்சி வந்த இடத்துக்குக் காவலுக்கு வருகிற சில செல்களுக்கும் ஃபோலேட்டைப் பிடிக்கும் கைகள் உண்டு. அதனால் சும்மா வீங்கிய நெறிக்கட்டியும் ஒளிர்ந்து ஏமாற்றும். எடுத்ததை மைக்ராஸ்கோப்பில் பார்த்துத்தான் தீர்ப்பு.

மார்பகப் புற்றுக்கு வந்திருக்கும் பெகுலிசயனைன் என்ற சாயம் இன்னும் சாமர்த்தியமானது. 2024 ஏப்ரலில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அது ஒளிர்வது அகச்சிவப்பின் வாசற்படியில், ஆழ்ந்த சிவப்பில். சாயத்தின் பக்கத்திலேயே வெளிச்சத்தை அமுக்குகிற ஒரு துண்டைக் கட்டி வைத்திருக்கிறார்கள், திரிமேல் மூடி போட்ட மாதிரி. புற்றுநோய் உள்ள இடத்தில் சில என்ஸைம்கள் அதிகமாகச் சுரக்கும். அவை கட்டை அறுத்தால்தான் மூடி விலகி ஒளிரும். கட்டியை எடுத்த பிறகு அந்தக் குழியில் மிச்சம் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக அது. பரிசோதனையில் 357 பெண்களில் 27 பேருக்கு, வழக்கப்படி எடுத்து முடித்த பிறகும் தங்கியிருந்த புற்றை அது காட்டிக்கொடுத்தது. சிறிய எண் என்று நினைக்க வேண்டாம். மறுபடி மயக்க மருந்து, மறுபடி கத்தி என்று ஆஸ்பத்திரிக்கு நடந்தவர்களைக் கேட்டால் தெரியும். அதே சமயம், சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை வந்ததால், அந்த மருந்தின் சீட்டில் எச்சரிக்கையைக் கட்டம் கட்டியே போட்டிருக்கிறார்கள். சிறுநீரும் நிறம் மாறலாம்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்தச் சாயங்களை ஏற்றிக்கொண்டு வெளியே நின்று காமிராவில் பார்த்தால் வயிற்றுக்குள் இருப்பது தெரியும் என்று நினைத்துவிடாதீர்கள். அகச்சிவப்பு வெளிச்சமும் சதைக்குள் சிதறத்தான் செய்கிறது. ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் ஆழம் வரைதான் கணக்கு. திறந்து பார்க்கும்போதோ, குழாய் விட்டுப் பார்க்கும்போதோதான் உதவும். ஸ்கேனுக்குப் பதில் இது அல்ல. ‘கத்தியில்லாமல் புற்றைக் காட்டும் சாயம்’ என்று யாராவது விளம்பரம் செய்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

ஆபரேஷனுக்கு முன்னால் சாயம் ஏற்றப்போவதாகச் சொன்னால், அது எந்தச் சாயம் என்று தாராளமாகக் கேட்கலாம். கேட்டால் கோபித்துக்கொள்கிற டாக்டர் குறைவு. ஐ.சி.ஜி. தூளில் கொஞ்சம் அயோடைடு சேர்ந்திருக்கும். ஒவ்வாமை அபூர்வம்தான், இருந்தாலும் அயோடின் கலந்த மருந்தோ சாயமோ முன்பு ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும். ஈரல் கோளாறு உள்ளவர்களும் சொல்ல வேண்டும், அவர்களுக்குச் சாயம் வெளியேற நேரம் பிடிக்கும். கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலும், நாத்தனாரைப் போலக் கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாலும், ஊசி போடுவதற்கு முன்பே வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். அடுத்த பால் எப்போது கொடுக்கலாம் என்று அவர்களே சொல்வார்கள். பாஃபோலாசயனைன் ஏற்றுவதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் ஃபோலிக் அமில மாத்திரை சாப்பிடக்கூடாது. செல்லின் கைகளை மாத்திரையே நிரப்பிவிட்டால் சாயத்துக்கு இடமிருக்காது. இது அந்த ஆபரேஷனுக்குப் போகிறவர்களுக்கு மட்டும்தான். மசக்கையாக இருக்கும் பெண்கள் இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், டாக்டர் எழுதிக்கொடுத்தபடி தினமும் சாப்பிட்டு வாருங்கள்.